ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு வரும் மின்கோளாறுகள்: அளந்து கண்டுபிடிக்கும் முறை

இன்ஜினால் சுழன்று வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைப் புதிதாகப் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, பேட்டரி இணைப்பைத் திரும்பக் கொடுத்து இன்ஜினை இயக்கிய பிறகும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு அணையாமல் எரிந்தால், வாங்கிய பாகமே பழுதோ என்ற ஐயம்தான் முதலில் எழும். அந்த ஐயம் சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். ஆயினும், வேலைக்கு முன் இல்லாத ஒரு கோளாறு வேலைக்குப் பின் வந்திருக்கிறது என்றால், அந்த வேலையின்போது கைபட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றி மாட்டிய நட்டு, பிடுங்கிச் செருகிய கனெக்டர், ஒதுக்கி வைத்த வயர், பேட்டரி டெர்மினல், இன்ஜினைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை, பெல்ட் ஆகியவற்றைச் சோதிக்காமல் புதிய ஆல்டர்னேட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், அதே கோளாறு அந்த வேறொன்றோடும் தொடரும்.

இதற்குத் தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், வயர் பிரஷ், வண்டிக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள் ஆகியவை போதும். சமீபத்திய வண்டிகளுக்கு மட்டும், வண்டியின் கணினி பதிந்து வைக்கும் பிழை எண்களைப் படிக்கும் ஒரு ஸ்கேனர் கூடுதலாக வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், உலோகக் கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் அதனருகில் தீப்பொறி எழக் கூடாது. எந்த நட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்பும் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும்.

ஒரு பழைய பழக்கத்தை இங்கேயே சொல்லி விலக்கிவிட வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்து, "டைனமோ நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் முறை இன்றும் சில இடங்களில் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு முன் டைனமோ இருந்த காலத்து வண்டிகளில் அதைச் செய்து தப்பித்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில், மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரித்துக்கொள்ளும் அந்தச் சிறு இடைவெளிக்குள் மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். அந்த ஒரே எகிறலில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் பாயவிடும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளோ, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியோ கெட்டுப்போகலாம். இந்தச் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

பழைய ஆல்டர்னேட்டர் செயலிழந்த நாட்களில் வண்டி முழுவதும் பேட்டரியை உறிஞ்சித்தான் ஓடியிருக்கும். ஆகவே புதிய ஆல்டர்னேட்டர் மாட்டப்படும் நேரத்தில் பேட்டரி அநேகமாகக் காலியாக இருக்கும். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. ரிலேக்கள் கடகடவென்று அடிப்பதும், மீட்டர் முள் துள்ளுவதும், ஏபிஎஸ், ஸ்டியரிங் முதலிய எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதும் பெரிய வயரிங் கோளாறு போலத் தோன்றும். அவையெல்லாம் பேட்டரி இறங்கிப்போனதால் மட்டுமே வருபவையாகவும் இருக்கக்கூடும்.

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 12.6 வோல்ட் காட்டினால் அது முழுதாக நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் காலி என்று கொள்ளலாம். ஓட்டி வந்து நிறுத்திய உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். காத்திருக்க நேரமில்லையென்றால், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று நேரம் கழித்து அளக்கலாம். பேட்டரி இறங்கியிருந்தால், வெளி சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிய பிறகே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். சார்ஜ் நிறைந்த பேட்டரியின் நிலையைத் தக்கவைக்கவும் வண்டியின் அன்றாடச் சுமையைத் தாங்கவும்தான் ஆல்டர்னேட்டர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முற்றிலும் காலியான பேட்டரியை ஏற்றும் பொறுப்பை முதல் நாளே அதன்மேல் சுமத்தினால், அது நெடுநேரம் முழு வேகத்தில் உழைத்து அளவுக்கு மீறிச் சூடாகும். ஏற்றிய பின்னும் 12.4 வோல்ட்டில் நிற்காத பேட்டரியை, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரியும் பேட்டரியை, முதலில் மாற்ற வேண்டும்.

பேட்டரி சரியென்று தெரிந்ததும் இன்ஜினை இயக்கி, அதே இரண்டு முனைகளில் மீண்டும் அளக்க வேண்டும். வழக்கமான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை காட்டும். பிறகு ஹெட்லைட், ஏசி விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டு, இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 2000 சுழற்சியில் பிடித்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் 13.5 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். இன்ஜினை இயக்குவதற்கு முன்பு இருந்த எண்ணே காட்டினாலோ, அது மெல்ல மெல்ல இறங்கினாலோ சார்ஜ் ஏறவில்லை. 15 வோல்ட்டுக்கு மேல் போனால் அளவு மீறி ஏறுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இன்ஜின் கணினியே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில், பேட்டரி நிறைந்திருக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மின்னழுத்தத்தை 13 வோல்ட்டுக்கும் கீழே இறக்கிவிட்டு, வண்டி வேகம் குறையும் நேரத்தில் 15 வோல்ட் அருகில் ஏற்றுவது இயல்பான செயல்பாடு. இதை அறியாமல், நன்றாக வேலை செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், பெரும்பாலும் எண் மேலே ஏறுவதைக் காணலாம்.

சார்ஜ் ஏறவே இல்லையென்றால்

ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் தடித்த வயர் நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் முனைக்கு பி பிளஸ் என்று பெயர். இன்ஜின் நின்றிருக்கும்போதும், சாவி போடாதபோதும், இந்த முனையில் பேட்டரியின் முழு மின்னழுத்தம் இருந்தாக வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை அதிலும், கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். எதுவும் காட்டவில்லையென்றால் பெரும்பாலும் இடையிலுள்ள பெரிய ஃபியூஸ் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றாமல் பி பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை இன்ஜின் உடலில் பட்டாலோ, பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டாலோ இது நிகழும். இந்த ஃபியூஸ் சில வண்டிகளில் ஃபியூஸ் பெட்டிக்குள் திருகு போட்டு இறுக்கப்பட்ட தகடாக இருக்கும். சிலவற்றில் ஃபியூஸ் பெட்டியிலேயே காணப்படாமல், பேட்டரிக்கு அருகே ஒரு வயர்த் துண்டாக, உருகு இணைப்பாக, ஒளிந்திருக்கும். அந்த வயர்த் துண்டின் மேலுறை கெடாமல் இருக்க, உள்ளே இருக்கும் கம்பி மட்டும் உருகியிருக்கலாம். கையால் மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளுமானால் அது போய்விட்டது என்று அறியலாம். பேட்டரி மாற்றி மாட்டப்பட்டிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றி நிம்மதி அடைந்துவிட முடியாது. ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் அந்த நொடியிலேயே போயிருக்கலாம்.

அடுத்தது சிறிய பிளக். சாவியைப் போட்டு, இன்ஜினை இயக்காமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் அதை நல்ல அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது. பழைய அமைப்பில் அந்த விளக்கின் வழியாக எல் என்ற முனைக்குப் போகும் சிறு மின்னோட்டம்தான் சுழலும் சுருளைக் காந்தமாக்கி, மின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. பல்பு போயிருந்தாலோ, அந்த வயர் அறுந்திருந்தாலோ, பிளக் முழுதாக உட்காராமல் இருந்தாலோ ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாது. ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாமல், ஒருமுறை பலமாக ரேஸ் கொடுத்த பிறகு மட்டும் ஏறத் தொடங்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தம், வேகம் கூடியதும் தானாகவே உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறது.

பிளக்கைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அதன் பின்கள் வளைந்திருக்கலாம், பச்சை பூத்திருக்கலாம், செருகும்போது ஒரு பின் பின்னுக்குத் தள்ளப்பட்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி தொடர்பை இழந்திருக்கலாம். ஒவ்வொரு வயரையும் தனித்தனியே மெல்ல இழுத்தால் லூஸாக இருப்பது கையோடு வரும். திரும்பச் செருகும்போது பூட்டு விழும் 'டிக்' ஒலி கேட்க வேண்டும். சில வண்டிகளில் எஸ் என்ற முனை, பேட்டரியில் உண்மையாக எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்பதை ரெகுலேட்டருக்குச் சொல்லும். அந்த வயருக்கென்று தனியே ஒரு சிறிய ஃபியூஸ் இருப்பதும் உண்டு. அது அறுந்தால் ரெகுலேட்டர் குருடாகிவிடும். வண்டியின் அமைப்பைப் பொறுத்து அளவு மீறியோ, அளவு குறைந்தோ சார்ஜ் ஏறும்.

கணினி கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டர்களில் இந்தப் பிளக்கில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வயர்களே இருக்கும். அவற்றில் செய்தி துடிப்புகளாகப் போய் வருவதால் மல்டிமீட்டரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஸ்கேனரில் பி0562 என்று வந்தால் மின்னழுத்தம் குறைவு. பி0563 என்றால் அதிகம். பி0620 என்றால் ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் சுற்றில் கோளாறு. இவ்வகை வண்டிகளில் நான் அதிகம் அஞ்சுவது தவறான பாகத்தைத்தான். அதே வடிவம், அதே பிளக், அதே போல்ட் இடைவெளி இருந்தும் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் வேறு மொழி பேசுவதாக இருந்தால், கணினியின் கட்டளை அதற்குப் புரியாது. அது தானே வைத்துக்கொண்ட ஒரு நிலையான மின்னழுத்தத்தில் ஓடும் அல்லது ஓடவே ஓடாது; எச்சரிக்கை விளக்கும் அணையாது. பழைய ஆல்டர்னேட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், இரண்டின் லேபிளையும் அருகருகே வைத்துப் பாக எண்ணையும் ஆம்பியர் அளவையும் ஒப்பிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்த இழப்புச் சோதனை

இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லோரையும் வற்புறுத்துவேன். வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் மீட்டரை ஓம் அளவில் வைத்து, பீப் ஒலி கேட்டதும் திருப்தி அடைகிறார்கள். நூறு இழைகள் கொண்ட கேபிளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் அந்த ஒலி கேட்கும். ஒரு துருப்பிடித்த இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால், சாதாரண மீட்டர் அதைப் பூஜ்யமாகவே காட்டும். ஆனால் அதன் வழியே 80 ஆம்பியர் பாயும்போது 0.8 வோல்ட் அங்கேயே வெப்பமாக வீணாகிவிடும். ஆகவே, மின்சாரம் ஓடும்போது எவ்வளவு இழப்பு ஏற்படுகிறது என்று அளப்பதே சரியான முறை.

இன்ஜினை 1500 முதல் 2000 சுழற்சியில் ஓட்டி, ஹெட்லைட்டும் ஏசி விசிறியும் போட்ட நிலையில், மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் மீது, கறுப்பு முனை பேட்டரியின் பிளஸ் மீது. சுழலும் பெல்ட்டிலிருந்து கையும் மீட்டர் வயரும் விலகி இருக்கட்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பாதை நன்று. அதற்கு மேலே போனால், ஒரு முனையை நிலையாக வைத்துக்கொண்டு மறுமுனையை இணைப்பு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. பிறகு எர்த் பக்கம்: ஒரு முனை ஆல்டர்னேட்டரின் வெறும் உலோக உடலில், மறுமுனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில். இங்கே 0.1 வோல்ட் அளவுக்குள் இருப்பது நல்லது; 0.2ஐத் தாண்டினால் தேட வேண்டும்.

எர்த் பக்கத்தைச் சோதிக்காமல் விடுவதால் எவ்வளவு வீண் செலவு ஏற்படுகிறது என்பதை என் உறவினர் வண்டியில் பார்த்தேன். அதற்கு ஒரு பணிமனையில் இரண்டாவது ஆல்டர்னேட்டரும் மாட்டப்பட்டிருந்தது, பேட்டரியில் 13.1 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தால் 14.4. பிளஸ் பாதையில் இழப்பு 0.1. எர்த் பாதையில் 1.2. 13.1, 0.1, 1.2 மூன்றையும் கூட்டினால் 14.4; கணக்கு அப்படியே பொருந்தியது. ஆல்டர்னேட்டரை வெளியே எடுக்க இடம் வேண்டும் என்பதற்காக இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது பெயின்ட் பூசிய பரப்பின்மேல் வைத்து இறுக்கிவிட்டார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்படி பிரஷ் போட்டு இறுக்கியதும் அந்த 1.2 வோல்ட் இழப்பு மறைந்தது. முதலில் மாட்டிய ஆல்டர்னேட்டரும் நல்லதாகவே இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணுகிறேன்.

எர்த் சரியில்லாத வண்டி வேறு பல வழிகளிலும் அதைச் சொல்லும். செல்ஃப் மந்தமாகச் சுற்றும்; இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கும் மங்கலாகச் சேர்ந்து துடிக்கும்; ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்கும். கேபிளால் இயங்கும் ஆக்ஸிலரேட்டர் உள்ள வண்டியில், திரும்பிப் போக வேறு வழியில்லாத மின்சாரம் அந்தக் கேபிளின் வழியாகப் பாய்ந்து அதைச் சுடச் செய்வதும் உண்டு.

அளவு மீறிய சார்ஜும் பெல்ட்டும்

பேட்டரியில் தொடர்ந்து 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வண்டியை ஓட்டாதீர்கள். பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். கணினிகளும் ஆபத்துக்கு உள்ளாகும். எஸ் வயரையும் ஆல்டர்னேட்டரின் எர்த்தையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ரெகுலேட்டர்தான் பழுது. அது புதிய ஆல்டர்னேட்டருக்குள் இருப்பதால் பாகத்தை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினை இயக்கியதும் கிறீச்சென்ற ஒலியும், ஐட்லிங்கில் விளக்குகள் மங்குவதும் பெல்ட் வழுக்குவதன் அடையாளம். புதிய ஆல்டர்னேட்டரின் புல்லி பழையதன் விட்டத்திலும் வரிப்பள்ள எண்ணிக்கையிலும் ஒத்திருக்கிறதா, பழையதில் ஒருபக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் தளர்ந்து சுழலும் புல்லி இருந்து, புதியதில் சாதாரணப் புல்லி வந்துவிட்டதா என்று பாருங்கள். பெல்ட் சுற்றும் பாதையை பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஆல்டர்னேட்டரோடு தொடர்பில்லாதவை

சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஆனாலும் வண்டியில் ஏதேதோ வேலை செய்யவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றியதன் விளைவை நினைத்துப் பாருங்கள். ரேடியோ ரகசிய எண் கேட்கும். கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறாது. ஐட்லிங் சில நாட்கள் ஏறி இறங்கும். ஸ்டியரிங் கோணத்தைக் காட்டும் சென்சார் தன் நடுநிலையை மறந்து விளக்கு எரிய வைக்கும். உரிமையாளர் கையேட்டில் சொல்லியபடி மீண்டும் கற்றுக்கொடுத்தால் இவை சரியாகிவிடும். பேட்டரி நெகட்டிவ் கிளாம்பில் சிறிய பெட்டி போன்ற மின்னோட்ட சென்சார் இருக்கும் வண்டிகளில், அதன் பிளக் மாட்டாமல் விடப்பட்டால் சார்ஜ் ஏறும் விதமே மாறிப்போகும். ஆல்டர்னேட்டரைச் சுற்றியுள்ள ஏசி கம்ப்ரஸர் பிளக், ஆயில் பிரஷர் சுவிட்ச், கிராங்க் சென்சார் ஆகியவற்றின் வயர்களும் வேலையின்போது முழங்கை பட்டு நழுவியிருக்கலாம். ஒதுக்கிய வயர்க்கட்டு சைலன்ஸர் குழாய்மேல் விழுந்து உருகவில்லையே என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். மின்னழுத்தம் சீராகும் முன் ஸ்கேனரில் பிழை எண்களை அழிப்பதில் பயனில்லை. அவை திரும்ப வரும். சீரான பிறகு அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, திரும்ப வருபவற்றை மட்டும் தேடுங்கள்.

பகலில் நன்றாக ஓடி, காலையில் செல்ஃப் அடிக்காத வண்டி

இது டயோடு கசிவாக இருக்கலாம். முதலில் இன்ஜின் ஓடும்போது, விளக்குகள் எரிய, மீட்டரை ஏசி வோல்ட்டில், அதாவது மாறுதிசை மின்னழுத்த அளவில், வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஒரு டயோடாவது பழுது என்று கருதலாம். நல்ல ஆல்டர்னேட்டரில் இது மிகக் குறைவாகவே இருக்கும்.

பிறகு வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவ் கிளாம்புக்கும் முனைக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில், பத்து ஆம்பியர் துளையில், வரிசையாக இணையுங்கள். இந்நிலையில் சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவைச் சாத்தி அரைமணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்தால்தான் வண்டியின் கணினிகள் உறங்கப் போகும். அதன் பின்னும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால், நெகட்டிவை முழுதாகக் கழற்றி, பி பிளஸ் வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து எடுத்து அதன் நுனியை டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடியும் மீட்டரை இணைத்து அதே அளவு நேரம் காத்திருந்து அளந்து பாருங்கள். ஓட்டம் விழுந்துவிட்டால் குற்றவாளி புதிய ஆல்டர்னேட்டரேதான். இன்ஜின் முழுதும் ஆறிக் குளிர்ந்த பிறகும் ஆல்டர்னேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது இதற்கு இன்னொரு சான்று.

பாகத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், பேட்டரியின் ஓய்வு மின்னழுத்தம், ஓடும்போது பேட்டரியிலும் பி பிளஸிலும் இருந்த எண்கள், இரு பக்க இழப்பு, ஏசி வோல்ட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் கொடுங்கள். கடையில் பெஞ்சில் ஓட்டிக் காட்டவும் கேளுங்கள். எல்லாம் சரியாகி வண்டி ஓடத் தொடங்கியிருந்தால், ஒரு வாரம் கழித்து இன்ஜின் குளிர்ந்த நிலையில் நெகட்டிவைக் கழற்றிவிட்டு பி பிளஸ் நட்டையும் எர்த் போல்ட்டையும் கையேடு சொல்லும் முறுக்கில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்து, புதிய பெல்ட்டின் இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.